மேலே நாலு விரல்

அத்தியாயம் 6

கேக் உட்கார்ந்துவிட்டது.

ஓவனிலிருந்து ட்ரேயை இழுத்து மேஜையில் வைத்து, நடுவில் ஒரு விரலை அழுத்தியதுமே கேக்கம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று. மேடாக எழும்பியிருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். நான்கு வருடமாகப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. எதிரே நிற்பவரின் முகம்கூட இப்போது அவளுக்குப் புகைக்குப் பின்னால் இருக்கும் முகம்தான். ஆனால் விரலை ஏமாற்ற முடியாது.

"நின்னுக்கிட்டு வர வேண்டிய கேக்கு உட்கார்ந்துக்கிட்டு வருது," என்றது ஒரு குரல். "எங்கேயோ சீட்டு காலியாகியிருக்கு."

"கண்டக்டர், விசிலை வாயிலேயே வெச்சுக்கோங்க," என்றது இன்னொரு குரல்.

முதல் குரலுக்குச் சொந்தக்காரர் இருபத்திரண்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறிய வந்துவிட்டவர். இரண்டாவது குரல் அவருடைய முதலாளியம்மாவினுடையது. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த காலத்தில், எதையும் நாலு தடவை சலிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார் என்பதால் கூட வேலை செய்தவர்கள் அவருக்குச் சல்லடை என்று பெயர் வைத்தார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர். அவர் அதையே தன் துப்பறியும் அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் எழுதி வாசலில் மாட்டிக்கொண்டார்.

இருவரும் வந்து இது இரண்டாவது நாள். மாவுக்கடைக்காரர், முட்டைக்காரர், ஓவன் ரிப்பேர்காரர் என்று மூன்று பேரை நேற்றே சலித்தாயிற்று. மூவர் மேலும் தூசி இல்லை.

"இன்னைக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு ரெண்டு ட்ரே போகணும்," என்றாள் கேக்கம்மா. "இதுவும் இப்படிப் போச்சுன்னா நாளையிலேர்ந்து வேற ஆளைப் பார்த்துக்கறோம்னு மேனேஜர் சொல்லிட்டார். மேடம், ரெண்டு மாசமா இதே கூத்து. ஒரு நாள் ஜம்முன்னு எழும்புது. மறுநாள் படுத்துக்குது. மாவு அதே மாவு, டின்னு அதே டின்னு, ஓவன் அதே ஓவன். மாறுறது என் கை ஒண்ணுதானே?"

சல்லடை நேராக ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்தார்.

அந்த அறைதான் கேக்கம்மாவின் உயிர்நாடி. பார்வை மங்கத் தொடங்கியபோது அவளே கண்டுபிடித்த வழி அது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலை வெளிச்சம் நன்றாக இருக்கும்போது, மைதா, சர்க்கரை, பால் பவுடர், கோகோ, பேக்கிங் பவுடர், உப்பு எல்லாவற்றையும் தராசில் நிறுத்துக் கலந்து நான்கு பெரிய டின்களில் அடைத்துவிடுவாள். அப்புறம் தினமும் அள்ளி, சலித்து, முட்டையும் வெண்ணெயும் சேர்த்தால் போதும். அளக்கத்தான் கண் வேண்டும், அள்ளுவதற்கு எதற்கு?

"பலகை மேல வெச்சிருக்கீங்க, தரையில இல்ல. சுவத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி. வெயில் படல. மூடி இறுக்கம். எது முதல்ல கலந்ததுன்னு எப்படித் தெரியும்?"

"ரப்பர் பேண்டு, மேடம். ஒண்ணு போட்டது பழசு, நாலு போட்டது புதுசு. பழசு தீர்ந்தாத்தான் அடுத்தது. மூணு மாசம் வரைக்கும் கெடாது. ஆனா நான் ஒரு மாசத்துக்கு மேல எதையும் வெச்சதில்ல."

"எங்க பரிசோதனைக் கூடத்துலகூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது," என்றார் சல்லடை. "கண்டக்டர், மூணு டம்ளர்ல வெந்நீர்."

மூன்று டம்ளர்கள் வந்தன. இன்று அள்ளிய டின்னின் மேல்பகுதியிலிருந்து ஒரு கரண்டி முதல் டம்ளரில் விழுந்தது. கரண்டிக் காம்பால் குடைந்து நடுவிலிருந்து எடுத்தது இரண்டாவதில். அடியிலிருந்து எடுத்தது மூன்றாவதில்.

கேக்கம்மா குனிந்து காதைக் கொடுத்தாள். முதல் டம்ளர் ஊமையாக இருந்தது. இரண்டாவது புஸ்ஸென்றது. மூன்றாவது சோடா பாட்டிலைத் திறந்ததுபோலச் சீறிக்கொண்டு நுரைத்தது.

"முன் சீட்டு தூங்குது, பின் சீட்டு கூத்தடிக்குது," என்றார் கண்டக்டர். "ஒரே பஸ்ஸுல ரெண்டு ஊர் ஜனம்!"

"அதேதான். கலக்கும்போது தப்பு நடந்திருந்தா மொத்த டின்னும் செத்திருக்கும். இங்க மேலே நாலு விரல் ஆழம் மட்டும்தான் செத்திருக்கு." சல்லடை மாவின் மேல்பரப்பை நகத்தால் சுரண்டினார். "கட்டி கட்டியா இருக்கு. நீங்க சலிச்சுப் போடறதால கட்டி உங்க கைக்குத் தட்டுப்படல. யாரோ மூடியைத் திறந்து ஈரம் காட்டியிருக்காங்க. ஈரம் பட்டா பேக்கிங் பவுடர் டின்னுக்குள்ளேயே பொங்கித் தீர்ந்துடும், ஓவனுக்கு மிச்சம் இருக்காது. மேல்மாவை அள்ளின அன்னைக்குக் கேக்கு படுக்குது. கீழே இருக்கற நல்ல மாவுக்கு வந்ததும் எழும்புது. மறுபடி யாரோ திறக்கறாங்க, மறுபடி படுக்குது." நகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க கைக்கு ஒண்ணும் ஆகலம்மா."

கேக்கம்மா ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். இரண்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே வேறொன்று ஏறி உட்கார்ந்தது. யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். தெரிந்த கை. ரப்பர் பேண்டை எண்ணி, இருந்த இடத்திலேயே திரும்பப் போடத் தெரிந்த கை.

சல்லடை மாவை மூக்கருகே கொண்டுபோனார். "தைல வாசனை வருது. பால் பவுடர் கலந்த மாவு பக்கத்துல எது இருந்தாலும் அந்த வாசனையை இழுத்து வெச்சுக்கும். உங்களுக்குத் தெரியுதா?"

கேக்கம்மா முகர்ந்தாள். கோகோ தெரிந்தது. சர்க்கரை தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. "இல்லையே."

வாசல் பக்கம் கப்புகள் உரசும் சத்தம். அவள் கணவர் டீயோடு நின்றிருந்தார்.

"தைலமா?" என்றார், எப்போதும்போல மூக்கடைத்த குரலில். "தராசுதான் எந்நேரமும் நெத்தியில தைலம் தடவிக்கிட்டு அலைவா. சாவி இன்னொண்ணு அவகிட்டதான் இருக்கு. நான் அப்பவே சொன்னேன்ல?" அவர் கை கேக்கம்மாவின் தலையை மெல்லத் தடவியது. "நீ நம்பல."

தராசு. பதினோரு வருடம் இதே மேஜையில் கேக்கம்மாவுக்கு எடை போட்டுக் கொடுத்தவள். முள் ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் ஒத்துக்கொள்ளாதவள் என்பதால் கேக்கம்மா ஆசையாய் வைத்த பெயர். அவள் பேக்கிங் பவுடரைக் குறைத்துப் போட்டு மிச்சத்தை வெளியே கொடுக்கிறாள் என்று அவர்தான் சொன்னார். மூன்று வாரத்துக்கு முன் அவளை வேலையிலிருந்து நிறுத்தியதும் அவர்தான். நேருக்கு நேர் பார்க்கத் தெம்பில்லாமல் கேக்கம்மா அன்று படுக்கையறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள்.

இப்போது எழுந்து செருப்பைத் தேடினாள்.

"வாங்க மேடம். அவ முகத்தைப் பார்த்து நானே கேக்கறேன். எனக்கு முகம் தெரியாட்டியும் பரவாயில்ல."

சல்லடை மேல்மாவில் கொஞ்சம் ஒரு சின்ன டப்பாவில் அடைத்து மூடி, கைப்பையில் போட்டுக்கொண்டார்.

தராசின் வீடு சைக்கிள் கடைக்கு மேலே, ஒற்றை அறையும் ஒரு சமையலறையும். மேஜை முழுக்கச் சட்டைகளும் பொத்தான் டப்பாக்களுமாக இருந்தன. வேலை போனபின் பொத்தான் தைக்க உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

கதவைத் திறந்த தராசு ஒரு நாற்காலியை இழுத்து கேக்கம்மாவின் கை படும் இடத்தில் போட்டாள்.

"உட்காருங்கக்கா."

"உட்கார வரல. என் டின்னைத் திறந்து ஈரமாக்க உனக்கு எப்படிடீ மனசு வந்துச்சு? உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

"என்னக்கா சொல்றீங்க?"

"மாவுல உன் தைலம் நாறுது!"

தராசு நெற்றியைத் தொட்டுக்கொண்டாள். கண்டக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காம அந்தத் தைல பாட்டிலைக் கொஞ்சம் காட்டும்மா. நாங்க செக்கிங் ஸ்குவாடு. டிக்கெட் இருக்கிறவங்க பயப்பட வேண்டாம்."

பாட்டில் கைமாறி வந்தது. சல்லடை திறந்து கேக்கம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். கிராம்பெண்ணெய். காரமும் இனிப்பும் கலந்து குப்பென்று ஏறியது. பதினோரு வருடம் பக்கத்திலிருந்து வந்த அதே வாசனை.

"ஸ்டோர் ரூம் சாவி உன்கிட்ட ஒண்ணு இருக்குதாமே?" என்று கேட்டார் சல்லடை.

"இல்லீங்க. என்னை வரவேணாம்னு சொன்ன அன்னைக்கே அண்ணன் கையில குடுத்துட்டேன். இன்னொரு சாவி இருக்கான்னுகூடக் கேட்டார். இருந்தது ஒண்ணுதான்."

கேக்கம்மாவின் கை நாற்காலி முதுகைப் பற்றியது.

"ஒண்ணு கேக்கணும் உன்னை," என்றார் சல்லடை. "உன்னை நிறுத்தறதுக்கு முன்னாடி அந்த ரூம்ல புதுசா ஏதாவது பார்த்தியா?"

தராசு ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"ஒரு நாள் மத்தியானம் மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தேன். அக்கா தூங்கிட்டிருந்தாங்க. ஸ்டோர் ரூம் திறந்திருந்தது. ஒரு டின்னோட மூடி உள்பக்கம் முத்து முத்தா தண்ணி. துடைச்சு வெச்சுட்டு, அண்ணன்கிட்ட போய்ச் சொன்னேன், யாரோ ஈரத்தோட மூடியிருக்காங்க, பார்த்துக்கோங்கன்னு. சரிம்மான்னார். மறுநாள் காலையில, நீ இனிமே வரவேணாம்னார்."

"பொய்!" கேக்கம்மாவின் குரல் அந்தச் சின்ன அறையில் இடித்தது. "யாரைச் சொல்றேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? என் வீட்டுக்காரரையா?"

"நான் யாரையும் சொல்லலக்கா. மூடியைத்தான் சொல்றேன்." தராசு சட்டையை மேஜையில் போட்டாள். "பதினோரு வருஷம் நான் படிச்சுச் சொன்ன எடையை நம்பினீங்க. ஒரு வார்த்தை என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்லக்கா? கதவுக்குப் பின்னாடி நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அரை மணி நேரம் வெளியே நின்னேன்."

கேக்கம்மா தடுமாறிப் படியிறங்கினாள். பின்னாலேயே கண்டக்டர் ஓடிவந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

தெருவில் காற்று அடித்தது. சைக்கிள் கடையிலிருந்து ரப்பர் பசையும் எண்ணெயும் மணந்தன. சல்லடை பக்கத்தில் வந்து நின்று, கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்தார்.

"இதைத் திறக்கப் போறேன். காலையில நீங்க முகர்ந்த அதே மாவுதான். மறுபடி ஒரு தடவை பாருங்க."

மூடி கழன்றது.

யூகலிப்டஸ்.

யாரும் சொல்லித்தரத் தேவையில்லாமல், பளிச்சென்று வந்தது. சைனஸுக்கு ஆவி பிடிக்கும் மெஷினில் நாலு சொட்டு விட்டு, மத்தியானமானால் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்காருவாரே, அந்த வாசனை. அவர் தலையணையில், சட்டைக் காலரில், ஜன்னல் திரையில் இருபத்தொன்பது வருடமாக ஊறிக்கிடக்கிற வாசனை. வீட்டுக்குள் இருக்கும்போது அவள் மூக்குக்கு அது ஒரு வாசனையாகவே பட்டதில்லை. இங்கே, பசையும் எண்ணெயும் நாறும் தெருவில், அது தனியாக எழுந்து நின்று யாருடையது என்று சொன்னது.

அவள் டப்பாவை மூடினாள்.

"உங்களுக்குக் காலையிலேயே தெரியும், இல்லையா மேடம்?"

"சந்தேகம் இருந்தது. சாவி விஷயம் இங்க வந்ததுக்கப்புறம்தான் உறுதியாச்சு. ஆனா நான் சொல்லியிருந்தா நீங்க என்னை வெளியே அனுப்பியிருப்பீங்க. உங்க மூக்கு சொன்னா அனுப்ப முடியாது."

கண்டக்டர் முன்னால் போய்க் கார் கதவைத் திறந்தார்.

வீட்டில் கணவர் கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தம் கேட்டது.

"என்னங்க," என்றாள் கேக்கம்மா. "அந்த ஆவி மெஷினை ஸ்டோர் ரூமுக்குள்ள எத்தனை தடவை கொண்டுபோனீங்க?"

குழாய் நின்றது.

மறுப்பார் என்று காத்திருந்தாள். மறுத்துவிட மாட்டாரா என்றுகூட இருந்தது. எவ்வளவு அபத்தமான பொய்யாக இருந்தாலும் நம்பத் தயாராக நின்றாள்.

"எண்ணல," என்றார் அவர்.

கண்டக்டர் நகர்ந்து கூடத்துக்குப் போனார். சல்லடை போகவில்லை.

"போன மழைக்காலத்துல ஓவன் கம்பியில முழங்கை வரைக்கும் சுட்டுக்கிட்டே," என்றார் அவர். "ராவெல்லாம் நான்தான் மருந்து போட்டேன். விட்டுடும்மான்னு எத்தனை தடவை கெஞ்சினேன்? கண்ணு போனா என்ன, என் கை இருக்குன்னு சொன்னே. இன்னொரு தடவை முகத்துல பட்டா? தீப்பிடிச்சுக்கிட்டா? தினமும் நீ அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நான் சொன்னா கேக்க மாட்டே. கேக்கு சொன்னா கேப்பேன்னு..."

"கேக்கு சொன்னா."

"நீயா நிறுத்திடுவேன்னு நினைச்சேன். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லாம."

"தராசுக்கு?"

அவர் கப்பைத் துடைக்கத் தொடங்கினார்.

"அவ மூடியைப் பார்த்துட்டா. அதனால திருடின்னு பட்டம் கட்டி அனுப்பிட்டீங்க. நான் அதுக்குத் துணைக்கு உள்ளே படுத்துக் கிடந்தேன்." கேக்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. "போகட்டும், எனக்கு ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. போன வாரம் கேக்கை அப்படியே குப்பையில கொட்டிட்டு, என் கை செத்துப்போச்சுங்கன்னு உங்க மடியில விழுந்து அழுதேன். தலையைத் தடவி, வயசானா அப்படித்தான்மான்னு சொன்னீங்க. அந்தக் கை அன்னைக்கு மத்தியானம் என்ன வேலை பார்த்துட்டு வந்த கை?"

"அம்மா..."

"ஊரெல்லாம் கண்ணு போச்சேன்னு உச்சுக்கொட்டினப்ப, உனக்குக் கை இருக்குடின்னு முதல்ல சொன்னது நீங்க. நான் சொந்தமா சொன்னதில்ல அது. நீங்க குடுத்தது. அதையே திரும்ப எடுத்துட்டீங்களே."

அவர் அழுதார். அந்தச் சத்தத்தை அவள் இதற்கு முன் இரண்டே தடவை கேட்டிருக்கிறாள். இரண்டு தடவையும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டவள், இன்று நின்ற இடத்திலேயே நின்றாள்.

"மேடம், மணி என்ன?"

"ஒண்ணரை," என்றார் சல்லடை.

"கண்டக்டர் தம்பி! ஒரு கை பிடிங்க. நாலு டின்னுலயும் மேலே நாலு விரல் ஆழம் வழிச்சுக் குப்பையில போடுங்க. கரண்டி ஈரமில்லாம பார்த்துக்கோங்க. அடியில இருக்கறது எனக்குப் போதும்."

கண்டக்டர் வந்தார். வழித்தார். ஒவ்வொரு டின்னின் நடுவிலிருந்தும் ஒரு கரண்டியை வெந்நீரில் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அவள் அள்ளினாள். சலித்தாள். முட்டையை ஒற்றைக் கையால் உடைத்தாள். ஓவன் கதவுக்கு முன்னால் மட்டும் ஒரு கணம் நின்று, சட்டைக் கைபோல நீண்ட தடித்த உறையை முழங்கைக்கு மேல்வரை இழுத்து மாட்டிக்கொண்டாள். அவர் சொன்னதில் அந்தப் பயம் மட்டும் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அதுதான் இன்னும் வலித்தது.

மூன்று மணிக்கு இரண்டு ட்ரேயும் வெளியே வந்தன. நடுவில் விரலை வைத்தாள். அழுத்திய இடம் மெத்தைபோல எழும்பி விரலைத் திருப்பித் தள்ளியது. விரலை ஓரத்துக்கு நகர்த்தித் தடவினாள். ட்ரே விளிம்பைத் தாண்டி மேடு நின்றது.

"டபுள் டெக்கர்!" என்று கத்திய கண்டக்டர், மேற்கொண்டு சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு ட்ரேக்களைக் காருக்குக் கொண்டுபோனார்.

சல்லடை கைப்பையை மாட்டிக்கொண்டார். "தராசைப் போய்ப் பார்ப்பீங்களா?"

"கேன்டீன்லேர்ந்து நேரா அங்கதான். வருவாளான்னு தெரியாது. வராட்டியும் அவ திருடி இல்லேன்னு அந்தப் படியில நின்னு சத்தமா சொல்லிட்டு வரணும். கீழே சைக்கிள் கடைக்காரனுக்கும் கேக்கணும்."

சல்லடை அவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு வெளியேறினார். கேக்கம்மா மேஜையைத் துடைத்தாள். ஸ்டோர் ரூமைப் பூட்டி, சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். திரும்பியபோது சமையலறை வாசலில் ஓர் உருவம் நின்றது. புகைக்குப் பின்னால் இருக்கும் உருவம். உயரம், தோளின் சரிவு, காலை மாற்றி மாற்றி நிற்கும் விதம், எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"யாரு?" என்று கேட்டாள்.

உருவம் மிகத் தாழ்ந்த குரலில், "நான்தான்ம்மா," என்றது.

"நான்னா யாரு?" என்றாள் கேக்கம்மா.

பதிலுக்குக் காத்திருக்காமல், சுவரைத் தடவிக்கொண்டு அவரைத் தாண்டி வாசலுக்கு நடந்தாள்.